வண்டியைப் பிணை வைத்து வசூலிப்பது நியாயமா?

கேள்வி: சிறிய சரக்கு வேன் ஒன்றை ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறேன். சென்ற மாதம் சரக்கு இறக்கப் போன இடத்தில், நிறுத்தத் தடை உள்ள பகுதியில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. இழுத்துக்கொண்டு போய் யார்டில் வைத்துவிட்டார்கள். அபராதம், இழுவைக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், நாள் கணக்கில் காப்புக் கட்டணம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டினால்தான் வண்டி என்றார்கள். வண்டி ஓடினால்தான் கையில் பணம். பணம் கட்டினால்தான் வண்டி. கடன் வாங்கி மீட்பதற்குள் காப்புக் கட்டணம் மட்டும் அபராதத்தைப் போல மூன்று மடங்காகிவிட்டது. தடைப் பலகை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இது தண்டனையா, வரியா? அரசு இதையே ஒரு வருமான வழியாக வைத்துக்கொள்வது நியாயமா? இனி ஒருமுறை இப்படி நடந்தால் பணம் கட்ட மறுத்து வண்டியை அங்கேயே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

கடிதத்தோடு ரசீதின் நகலையும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. இத்தகைய வழக்குகளில் பலரும் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கொதித்துவிட்டு, அதற்கு மேலே உள்ள இனங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ரசீதில் நான்கு இனங்கள் இருக்கின்றன. அபராதம் என்பது தவறுக்கான தண்டனை. இழுவைக் கட்டணம் என்பது வண்டியை அகற்றியதற்கு ஆன செலவு. காப்புக் கட்டணம் என்பது யார்டில் வண்டி நின்ற இடத்துக்கான வாடகை. நான்காவதாக உள்ள நிர்வாகக் கட்டணம் எதற்கு என்று ரசீதிலேயே விளக்கம் இல்லை. இந்த நான்குக்கும் சட்டத்தில் வெவ்வேறு அடிப்படை உண்டு. ஒன்றுக்கு இருக்கும் நியாயம் மற்றொன்றுக்குத் தானாக வந்துவிடாது. நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதை நான் பிரித்துப் பதில் சொல்வது அதனால்தான்.

முதலில் அபராதம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சாலை பொதுச் சொத்து. ஒருவர் நிறுத்தும் வண்டி மற்றவர் செல்லும் வழியை அடைக்கிறது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. சிறையும் வழக்கும் இல்லாமல் இத்தகைய சிறு தவறுகளைக் கட்டுப்படுத்த மனிதன் கண்டுபிடித்த வழிகளில் அபராதமே ஆகக் குறைந்த கொடுமை உள்ளது. அந்தப் பணம் அரசின் கையில் போய்ச் சேருகிறது என்பதாலேயே அது அநியாயமாகிவிடாது. எங்காவது அது போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்? பலகை இருந்ததை மறுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இனத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வழக்கு இல்லை.

தண்டனையா, வரியா என்ற உங்கள் கேள்வி நீதிமன்றங்களுக்கும் பழக்கமானதுதான். அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து சென்ற சிரூர் மடம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1954-இல் ஒரு கோட்டைக் கிழித்தது: வரி என்பது பொதுச் செலவுக்காக, எந்தக் கைம்மாறும் குறிப்பிடாமல் கட்டாயமாக வாங்கப்படுவது; கட்டணம் என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்காக, அந்தச் சேவையின் செலவோடு தொடர்புள்ளதாக வாங்கப்படுவது. பிந்தைய தீர்ப்புகள் இந்தக் கோட்டைப் பலவாறு தளர்த்தியிருந்தாலும், உங்கள் ரசீதை அளந்து பார்க்க இது இன்றும் நல்ல அளவுகோல். இழுவைக்கும் காப்புக்கும் வாங்கும் தொகை உண்மையில் ஆகும் செலவை ஒட்டி இருந்தால் அது கட்டணம். செலவை வெகுவாகத் தாண்டினால், அந்த மிகுதி தண்டனையும் இல்லை, கட்டணமும் இல்லை. பெயர் மாற்றி வாங்கும் வரி. வரி போட வேண்டுமானால் மக்கள் பிரதிநிதிகள் அவையில் அதை வெளிப்படையாகச் சொல்லிப் போட வேண்டும். யார்டின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியல் வழியாகப் போடக் கூடாது.

இனி, வண்டியை இழுத்துச் செல்வதைப் பார்ப்போம். வழியை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றும் அதிகாரம் அரசுக்கு அவசியம். ஆனால் அந்த அதிகாரத்தின் நோக்கம், வண்டி அகற்றப்பட்ட அந்த நிமிடத்தோடு நிறைவேறிவிடுகிறது. யார்டுக்குள் போன பிறகு உங்கள் வேன் யாருடைய வழியையும் மறிக்கவில்லை. அப்படியானால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதை ஏன் பூட்டி வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள்தான் இருக்க முடியும்: வண்டி ஒரு குற்றத்துக்குச் சாட்சியம் என்பது ஒன்று, வெளியே விட்டால் ஆபத்து என்பது ஒன்று, பணம் வரும் வரை பிணையாக இருக்கட்டும் என்பது மூன்றாவது.

ஆபத்து என்ற காரணம் வலுவானது. குடித்துவிட்டு ஓட்டியவரிடமும், உரிமம் இல்லாதவரிடமும், பிரேக் பிடிக்காத லாரியை ஓட்டி வந்தவரிடமும் வண்டியை அப்போதே திருப்பிக் கொடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாட்சியம் என்ற காரணம் கேட்பதற்கு வலுவாக இருந்தாலும் நடைமுறையில் பெரும்பாலும் சாக்குதான். காவல் நிலைய வளாகங்களில் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, டயர் மண்ணோடு மண்ணாகி, உதிரிபாகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும் வண்டிகளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கடுமையாகவே பேசியது. உரிய பத்திரமும் உத்தரவாதமும் பெற்றுக்கொண்டு வண்டியை விரைவில் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும், விசாரணைக்குத் தேவையென்றால் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குற்ற வழக்கில் சிக்கிய வண்டிக்கே இதுதான் நெறி என்றால், தவறான இடத்தில் நின்ற வண்டியைச் சாட்சியமென்று அடைத்து வைக்க என்ன இருக்கிறது? பலகையும் வண்டியும் ஒரே படத்தில் தெரிகிற புகைப்படம் ஒன்று போதும்.

மிஞ்சுவது மூன்றாவது காரணம். உங்கள் வண்டி பிணையாகத்தான் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. இதைத்தான் நான் முழு விவகாரத்தின் மையமாகப் பார்க்கிறேன். வண்டியைப் பிணையாக எழுதி வாங்காமல் உங்களுக்குக் கடன் கொடுத்த எவரும் நீதிமன்றத்துக்குப் போய், வழக்குத் தொடுத்து, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகே உங்கள் பொருளில் கை வைக்க முடியும். கடனுக்காகத் தெருவில் நிற்கும் உங்கள் வண்டியைத் தாமே எடுத்துக்கொண்டு போய், பணம் கொடு, பிறகு தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலான நாடுகளில் அது குற்றம். ஸ்காட்லாந்தில் 1992-இல் ஒரு வழக்கு வந்தது. தனியார் இடத்தில் அனுமதியின்றி நிறுத்தப்பட்ட வண்டிகளுக்குச் சக்கரப் பூட்டு மாட்டி, பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று சொன்னவர்கள் செய்தது மிரட்டிப் பணம் பறித்தல் என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்தியவர் செய்தது தவறுதான் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டு மாட்டுவதும் வண்டியை இழுத்துச் செல்வதும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. ஆனால் அதே காரியத்தை அரசு அமைப்பு செய்தால் அதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. சட்டத்தின் துணை இருப்பதால் அது செல்லும். செல்லும் என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடுமா என்பதுதான் உங்கள் கேள்வி, இல்லையா? ஆகாது என்பது என் கருத்து. அபராதத்தை வசூலிக்க அரசிடம் வேறு எத்தனையோ வழிகள் உள்ளன: பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும்போது நிலுவையைக் கேட்கலாம், உரிமையை மாற்றும்போது கேட்கலாம், தவணை கொடுக்கலாம், கடைசியாக நீதிமன்றம் போகலாம். இவை அனைத்தும் இருக்கும்போது முதல் படியிலேயே பிழைப்புக் கருவியைப் பிடித்து வைப்பது, வேறு வழி இல்லாததால் செய்வது அல்ல. எளிதாக இருப்பதால் செய்வது.

பிணைக்கு நாள்வாடகையும் சேரும்போது நிலைமை முற்றிலும் வேறாகிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, உங்கள் ரசீதைப் பார்த்தால் அது அப்படியே பொருந்துகிறது. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே தவறைச் செய்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அன்று மாலையே பணத்தை எடுத்து நீட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவர் கட்டியது அபராதமும் இழுவைக் கட்டணமும் மட்டும். மற்றவர் கடனுக்கு அலைந்துவிட்டு அடுத்த வாரம் வருகிறார். அவர் கட்டுவது அதைப் போலப் பல மடங்கு. இவர் செய்த தவறு அவர் செய்த தவறைவிட எந்த விதத்திலும் பெரியதல்ல. கூடுதலாக இவர் கட்டியது கையில் பணம் இல்லாமல் இருந்ததற்கான கட்டணம். அந்த நாட்களில் வண்டி ஓடாததால் போன வருமானமும், போன வாடிக்கையாளர்களும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. எந்தச் சட்டமன்றமும் ஏழைக்கு அதிக அபராதம் என்று சட்டம் எழுதாது. எழுதாமலே அதைச் செய்து முடிக்கிறது காப்புக் கட்டணம்.

இதைப் பற்றி அண்மையில் நான் படித்த தீர்ப்புகளில் மனத்தில் நின்றது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் வழங்கியது. சியாட்டில் நகரில் ஒருவர் தம் லாரியிலேயே குடியிருந்தார். தொழில் செய்வதற்கான கருவிகளும் அதற்குள்தான் இருந்தன. ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியதற்காக நகர நிர்வாகம் லாரியை இழுத்துச் சென்றது. 44 டாலர் அபராதத்தை நடுவர் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனால் இழுவைக்கும் காப்புக்குமான கட்டணம் 547 டாலர் நின்றது, அதைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். மாதம் சில நூறு டாலர் மட்டுமே சம்பாதிக்கிற ஒருவருக்கு இந்தத் தொகை வரம்பு மீறிய அபராதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. கட்டணம் என்று பெயர் வைத்தாலும் அதன் விளைவு தண்டனையாக இருந்தால் தண்டனைக்கான வரம்பு அதற்கும் பொருந்தும் என்பது ஒன்று. கட்டுகிறவரின் வசதியையும் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. எதிர்த்திசையிலும் தீர்ப்புகள் உண்டு: சிகாகோ நகரம் பிடித்து வைத்த வண்டிகளைப் பற்றிய வழக்கில், உரிமையாளர் திவால் மனு போட்டுவிட்டார் என்பதாலேயே நகரம் வண்டியைத் தொடர்ந்து வைத்திருப்பது சட்ட மீறல் ஆகாது என்று அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வேலைக்குப் போக வண்டி வேண்டும், வேலை இருந்தால்தான் கடன் அடையும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பிழைப்புக் கருவியைத் தண்டனைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது புதிய கருணை ஒன்றும் அல்ல. இங்கிலாந்து மன்னர் ஜான் 1215-இல் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டா பட்டயத்தின் 20-ஆம் பிரிவு அபராதத்தைப் பற்றியது. அபராதம் தவறின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அப்போதும் ஒருவரின் வாழ்வாதாரம் அழியக் கூடாது. வணிகருக்கு அவருடைய சரக்கையும், குடியானவனுக்கு அவனுடைய உழவுக்கு வேண்டியவற்றையும் விட்டுவைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அபராதம் அன்றைய மன்னர்களுக்கு நல்ல வருமான வழியாக இருந்ததால்தான் அந்தப் பிரிவை எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 800 ஆண்டுகளுக்கு முன் குடியானவனுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு இன்று ஒரு சரக்கு வேனுக்கு இல்லை என்பதை, நான் சட்டத்தின் முன்னேற்றம் என்று எண்ணவில்லை.

அந்தப் பிரிவின் வழிவந்த நெறிதான் அமெரிக்க அரசியலமைப்பிலும் இருக்கிறது. 2019-இல் இண்டியானா மாநில வழக்கு ஒன்றில், போதைப்பொருள் விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவரிடமிருந்து சுமார் 42,000 டாலர் மதிப்புள்ள காரை அரசு பறிமுதல் செய்ய முயன்றது. அந்தக் குற்றத்துக்கான உச்ச அபராதமே 10,000 டாலர்தான். வரம்பு மீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய அந்தத் தீர்ப்பு, இந்த நெறியை மேக்னா கார்ட்டாவிலிருந்தே தொடங்கி விளக்குகிறது. மற்ற தண்டனைகளுக்கு அரசு செலவு செய்ய வேண்டியிருக்கிறது, அபராதத்தில் மட்டும் அரசுக்கு வரவு வருகிறது. ஆகவே அபராதத்தைத் தண்டனையின் நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தும் ஆசை அரசுக்கு எழும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தைய கேள்வியின் பதில் அந்த வாக்கியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அந்த ஆசை எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெர்குசன் நகரத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள சிறு நகரம் அது. அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அதன் கணக்குப் புத்தகத்தையே பிரித்துக் காட்டியது. 2010 நிதியாண்டில் நகரம் அபராதமாகவும் நீதிமன்றக் கட்டணமாகவும் வசூலித்தது 13.8 லட்சம் டாலர். 2015 நிதியாண்டுக்கு எதிர்பார்த்தது 30.9 லட்சம் டாலர். அந்த ஆண்டின் மொத்தப் பொது வருவாய் மதிப்பீடான 132.6 லட்சம் டாலரில் ஏறத்தாழக் கால் பங்கு. ஆண்டு முடிவதற்குள் சலான் எழுதுவது கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு 2010-இல் எழுதிய கடிதமும் அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் விபத்து பற்றியோ நெரிசல் பற்றியோ பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த அறிக்கை வெளியான அதே ஆண்டில் மிசௌரி மாநிலம், ஓர் ஊரின் வருவாயில் போக்குவரத்து அபராதத்தின் பங்குக்கு இருந்த 30 விழுக்காட்டு உச்சவரம்பை 20 விழுக்காடாகக் குறைத்தது. உச்சவரம்பு ஏற்கெனவே இருந்தது என்பதே, இந்த நோய் பழையது என்பதற்குச் சான்று.

தீர்ப்புச் சொல்கிறவருக்கே வசூலில் அக்கறை இருந்தால் இன்னும் மோசம். ஓஹையோ மாநிலத்தின் மன்ரோவில் என்ற சிற்றூரில் மேயரே போக்குவரத்து வழக்குகளுக்கு நீதிபதியாகவும் இருந்தார். 1964-இல் ஊரின் மொத்த வருவாய் சுமார் 46,000 டாலர். அதில் 18,500 டாலர் அவருடைய நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஊரின் வரவுசெலவுக்குப் பொறுப்பான மனிதரிடம் நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது என்று 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிராகரித்தது. மேயர் ஒரு காசைக்கூடத் தம் பையில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அங்கே பதிலாக எடுபடவில்லை. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்ற எண்ணமும் தராசைச் சாய்க்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதில்தான் நான் பலரோடும் மாறுபடுகிறேன். அபராதப் பணத்தைச் சாலைப் பாதுகாப்புக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டம் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நல்ல மனத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. பிரிட்டனில் 2000-இல் தொடங்கி 2007 வரை, வேகக் கேமராக்களுக்கு ஆகும் செலவை அந்தக் கேமராக்கள் ஈட்டும் அபராதத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. கேமராக்கள் விபத்தைக் குறைத்தனவா என்பதைவிட, காசு பறிக்கவே வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சே ஊரெங்கும் நிலைத்தது. கடைசியில் அந்த இணைப்பைத் துண்டித்தார்கள். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிடிக்கிற துறையின் செலவு பிடிபடுகிறவர்களிடமிருந்து வருமானால், எல்லாரும் விதியை மதிக்கத் தொடங்கும் நாள் அந்தத் துறைக்குப் பஞ்ச காலமாகிவிடும். அதே நாட்டில் இன்னொரு செய்தி நம்பிக்கை தருகிறது. லண்டனின் பார்னெட் நகராட்சி, குடியிருப்பவர்கள் வண்டி நிறுத்துவதற்கான ஆண்டு அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியது. மிகுதியை வேறு போக்குவரத்துச் செலவுகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். வண்டி நிறுத்தத்தை ஒழுங்குபடுத்த வந்த 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தை வருமானம் ஈட்டும் சட்டமாக மாற்ற முடியாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் அந்த உயர்வைச் செல்லாததாக்கியது. எந்தத் தலைப்பில் செலவிடுகிறீர்கள் என்பதை மட்டும் அந்த நீதிமன்றம் பார்க்கவில்லை. தொகையை எதற்காக நிர்ணயித்தீர்கள் என்பதையும் பார்த்தது. அதுவே சரியான கேள்வி.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அபராதத்திலிருந்து அரசுக்குப் பணம் வருவது தவறல்ல. அந்தப் பணத்தை நம்பி அரசு திட்டம் போடுவது தவறு. பிடித்த துறைக்கும், இழுத்த ஒப்பந்தக்காரருக்கும் எட்டாத தூரத்தில், பொதுக் கணக்கில் அது போய்ச் சேர வேண்டும். வசூல் இலக்கு என்ற ஒன்று எந்த அதிகாரிக்கும் இருக்கக் கூடாது. குறிப்பாக, இழுக்கும் வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும் முறையை நான் ஏற்கவே மாட்டேன். அந்த முறையில், அவசரமாக அகற்ற வேண்டிய, ஆனால் தூக்கச் சிரமமான கனரக வாகனம் சாலையிலேயே நிற்கும். யாருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லாத, கொக்கி மாட்ட எளிதான சிறு வண்டிகள் முதலில் போகும். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

வசதிக்கு ஏற்ற அபராதம் என்ற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்லாந்தில் கடுமையான வேக மீறலுக்கு ஓட்டுநரின் வருமானத்தை வைத்தே அபராதம் கணக்கிடுகிறார்கள். 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற பெருஞ்செல்வர் ஒருவருக்கு 2023-இல் 1,21,000 யூரோ விதித்தார்கள். எல்லா நாட்டிலும் வருமானக் கணக்கு அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்பதால் இதை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் தவணை வசதியும், வண்டியே பிழைப்பாக உள்ளவர்களுக்குக் காப்புக் கட்டணத் தள்ளுபடியும் தருவதற்கு அத்தகைய கணக்கு எதுவும் தேவையில்லை.

இனி, கட்ட மறுத்து வண்டியை விட்டுவிடலாமா என்ற கேள்வி. வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் செலவு முழுவதும் உங்கள் தலையிலேயே விழும். ஒவ்வொரு நாளும் காப்புக் கட்டணம் ஏறும், வண்டி கெடும், கடைசியில் ஏலத்துக்குப் போகும். முதலில் வண்டியை வெளியே எடுங்கள், பிறகு சண்டை போடுங்கள். பணம் கட்டும்போதே, ஆட்சேபணையுடன் கட்டுகிறேன், தவறை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் பணம் கட்டினாலே வழக்கு முடிந்ததாகக் கருதுவார்கள். அதனால் கட்டுவதற்கு முன் சலானின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்து, மேல்முறையீட்டுக் கால அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியதாக இருக்கும். மொத்தத்தையும் கட்ட முடியாவிட்டால், பத்திரம் எழுதிக் கொடுத்து விடுவிக்கும்படியோ தவணை தரும்படியோ எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து எந்த மன்றத்திலும் எதுவும் செய்ய முடியாது.

வண்டியை எடுக்கும் முன் யார்டிலேயே நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். கிலோமீட்டர் அளவையும், பின்னால் இருந்த சரக்கையும் கருவிகளையும் சேர்த்து. இழுக்கும்போது பம்பரும் கியர்பாக்ஸும் சேதமாவது அரிதல்ல. வாசலைத் தாண்டிய பிறகு அந்தச் சேதத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உங்கள் இப்போதைய வழக்கைப் பொறுத்தவரை, அபராதத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று இனங்களை மட்டும் எதிர்த்து மனு எழுதுங்கள். நிர்வாகக் கட்டணம் எந்த விதியின்கீழ் வாங்கப்பட்டது, காப்புக் கட்டணத்தை நிர்ணயித்த ஆணை எது, அது எந்தச் செலவுக் கணக்கின் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது என்று கேளுங்கள். அலுவலகம் மூடியிருந்த விடுமுறை நாட்களுக்கும் உங்களிடம் வாடகை வாங்கியிருப்பது ரசீதின் தேதிகளைப் பார்த்தால் தெரிகிறது. பணத்தோடு வந்து நின்றிருந்தாலும் அந்த நாட்களில் வண்டியைக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதால், அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பது உங்கள் மனுவின் வலுவான பகுதியாக இருக்கும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் உள்ள நாடாக இருந்தால், ஒப்பந்தக்காரருக்கு எப்படிப் பணம் தரப்படுகிறது என்பதையும், வரவுசெலவுத் திட்டத்தில் அபராத வருவாய்க்கு முன்கூட்டியே போட்ட தொகை எவ்வளவு என்பதையும் அதே கையோடு கேட்டு வாங்கிவிடலாம்.

ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். மீட்கப்படாத வண்டி ஏலம் போனால், நிலுவைக்கு மேல் வந்த தொகை உரிமையாளருக்கே சேர வேண்டும் என்பது பொது நெறி. அமெரிக்காவில் 15,000 டாலர் வரி நிலுவைக்காக ஒரு மூதாட்டியின் வீட்டை 40,000 டாலருக்கு விற்று முழுப் பணத்தையும் வைத்துக்கொண்ட மாவட்ட நிர்வாகம், மீதி 25,000 டாலரை எடுத்துக்கொண்டது செல்லாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது வீட்டு வரி வழக்கு என்றாலும், அரசு தனக்கு வர வேண்டிய கடனுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அடிப்படை வண்டிக்கும் பொருந்தும். ஆனால் மீதி இருக்கிறது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. ஏல அறிவிப்பு பதிவுச் சான்றில் உள்ள பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. வீடு மாறியிருந்தால் பதிவுச் சான்றில் முகவரியை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.